தொழில் மேதை ஜி. டி. நாயுடு

கடலூரில் காலையில் பேருந்து ஏறும் ஒருவர், வழியில் வெள்ளாற்றைக் கடந்து, வெயில் ஏறுமுன் சிதம்பரத்தை அடைந்துவிடுகிறார். இடைப்பட்ட ஏறத்தாழ 45 கிலோமீட்டர்த் தொலைவு அவருக்கு ஒரு பொருட்டாகவே தோன்றுவதில்லை. முன்னோர் காலத்தில் அதே சாலையை மாட்டு வண்டியில் கடக்க ஒரு முழுப் பகலோ, ஓர் இரவோ வேண்டியிருந்தது. தொலைவைச் சுருக்கிய பெருமை மோட்டார் எஞ்சினுக்கு உரியது. அவ்வெஞ்சின் நம் நாட்டிற்குப் புதிதாக வந்தபோது, அதனைக் கண்டு வியந்தோர் பலர். ஏறி மகிழ்ந்தோர் சிலர். அதனை உறுப்பு உறுப்பாகப் பிரித்து, உள்ளே உறையும் நுட்பத்தை அறிந்து, மீண்டும் பூட்டி ஓடச் செய்யவேண்டும் என்று துணிந்தோர் மிகச் சிலரே. அச்சிலருள் தலைசிறந்தவர், கோயம்புத்தூரின் புகழை நாடெங்கும் பரப்பிய ஜி. டி. நாயுடு ஆவார். பட்டம் பெறாத அவர் பொறியியல் கல்லூரி கண்டார். கழனியில் உழைத்த கைகளால் மோட்டார்களை ஆக்கினார். அவருடைய வாழ்க்கை, முயற்சி உடையார்க்கு ஓர் உரைகல் போன்றது.

பிறப்பும் இளமையும்

கோயம்புத்தூரை அடுத்த சூலூர்ப் பகுதியில் கலங்கல் என்பது ஒரு சிற்றூர். அவ்வூரில் 1893ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23ஆம் நாள் துரைசாமி பிறந்தார். தந்தையார் கோபால்சாமி, உழவுத் தொழிலில் ஈடுபட்டவர். தாயின் அன்பை நெடுநாள் துய்க்கும் பேறு அக்குழந்தைக்குக் கிட்டவில்லை. மிக இளமையிலேயே அன்னையை இழந்தது.

பள்ளிக்கூடம் துரைசாமிக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. ஓரிடத்தில் அடங்கி அமர்ந்து, சொன்னதைத் திருப்பிச் சொல்வது அவருடைய இயல்புக்கு ஒவ்வாததாக இருந்தது. குறும்பு மிகுந்த அச்சிறுவர் ஆசிரியர் மீது மணலை வீசிவிட்டு ஓடிப்போனதாகவும், அத்தோடு பள்ளிப் படிப்பு முடிந்துபோனதாகவும் அவர் வரலாற்றில் கூறுவர். எழுதப் படிக்க அறிந்த அளவிலே கல்வி நின்றது. தந்தையார் அவரைத் தம் நிலத்து வேலையில் ஈடுபடுத்தினார். அங்கே ஒரு விந்தை நிகழ்ந்தது. ஆசிரியர் தந்த புத்தகத்தைத் தொட மறுத்த சிறுவர், தாமே தேடிய புத்தகங்களை விடாமல் படிக்கலானார். பகலில் உழைப்பும் ஓய்வு நேரத்தில் படிப்புமாக நாள்கள் கழிந்தன. பிறர் புகட்டும் அறிவைக் காட்டிலும் தாமே நாடிப் பெறும் அறிவில் அவருக்கு இன்பம் மிகுதி என்பது அப்பொழுதே புலனாயிற்று.

கண்ணைக் கவர்ந்த ஊர்தி

துரைசாமிக்கு ஏறத்தாழ 20 வயது இருக்கும்போது, அவருடைய வாழ்க்கையின் போக்கை மாற்றிய நிகழ்ச்சி ஒன்று நேர்ந்தது. வருவாய்த் துறையைச் சேர்ந்த லங்காசயர் என்னும் ஆங்கில அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் அப்பகுதிக்கு வந்தார். மாடும் குதிரையும் இழுக்காமல், புகையும் ஓசையும் எழுப்பிக்கொண்டு தானே ஓடிவந்த அவ்வூர்தியைக் கண்ட மக்கள் வாயடைத்து நின்றனர். துரைசாமியும் வியந்தார், ஆனால் அவருடைய வியப்பு அங்கேயே நின்றுவிடவில்லை. இது எதனால் ஓடுகிறது, எங்கிருந்து இதற்கு ஆற்றல் வருகிறது என்னும் வினாக்கள் அவர் உள்ளத்தில் எழுந்தன. அவ்வினாக்களுக்கு விடை கலங்கலில் இல்லை. அவ்வூர்தியின் உள்ளேதான் இருந்தது. எனவே அதனைத் தமக்கு உரிமையாக்கிக்கொள்வது என்று உறுதி பூண்டார்.

அவ்வூர்தி இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்தில் உருவான ரட்ஜ் என்னும் வகையைச் சேர்ந்தது. 1912ஆம் ஆண்டின் ஆக்கம். அதனை வாங்க வேண்டிய பொருள், உழவர் வீட்டு இளைஞரிடம் ஏது? துரைசாமி ஊரை விட்டுக் கோயம்புத்தூருக்குச் சென்றார். ஓர் உணவு விடுதியில் உணவு பரிமாறும் வேலையில் அமர்ந்தார். இலை போடுவதும், நீர் வைப்பதும், எச்சில் எடுப்பதும் இழிவு என்று அவர் எண்ணவில்லை. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் உழைத்து, சிறுகச் சிறுகச் சேர்த்து, 300 ரூபாய் திரட்டினார். ஒரு ரூபாய்க்குப் படிக்கணக்கில் அரிசி கிடைத்த அந்நாளில், 300 ரூபாய் என்பது ஏழை ஒருவருக்குப் பெருஞ்செல்வம். அச்செல்வத்தை வீடு கட்டவோ நிலம் வாங்கவோ செலவிடாமல், அந்த மோட்டார் சைக்கிளுக்கே கொடுத்தார்.

பிரித்தலும் பூட்டலும்

ஊர்தி கைக்கு வந்ததும், அதன்மேல் ஏறி ஊரார் காணப் பவனி வருவது இளைஞர் இயல்பு. துரைசாமியோ அதனைப் பிரிக்கத் தொடங்கினார். மாணவர்களே! அச்செயலில் அடங்கியிருந்த துணிவை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். அவருக்கு வழிகாட்ட ஆசான் இல்லை. உதிரி உறுப்பு வேண்டுமானால் வாங்குவதற்கு அருகில் கடை இல்லை. பிரித்ததைப் பூட்ட இயலாமற் போயிருப்பின், மூன்று ஆண்டு உழைப்பும் இரும்புக் குவியலாகவே கிடந்திருக்கும். அதனை அறிந்தும் அவர் தயங்கவில்லை.

அக்காலத்து மோட்டார் சைக்கிளின் எஞ்சின் எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிந்தால், அவர் மேற்கொண்ட பணியின் அருமை விளங்கும். எஞ்சினின் நடுவே சிலிண்டர் என்னும் உருளை உள்ளது. அதனுள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. பிஸ்டன் கீழிறங்கும்போது, கார்புரேட்டரில் கலந்த பெட்ரோல் ஆவியும் காற்றும் உருளைக்குள் இழுக்கப்படுகின்றன. பிஸ்டன் மேலேறும்போது அக்கலவை அழுத்தமுறுகிறது. உரிய கணத்தில் மாக்னெட்டோ தரும் மின்பொறி அதனைப் பற்றவைக்கிறது. எரிந்த வாயு விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. மறுமுறை பிஸ்டன் மேலேறும்போது புகை வெளியேறுகிறது. இந்நான்கு வீச்சுகளும் ஒரு நிமிடத்தில் பல நூறு முறை நிகழ்கின்றன. கவாடங்கள் திறப்பதும் மூடுவதும், மின்பொறி எழுவதும் ஒரு நொடியின் சிறு கூறளவு முன்பின் ஆனாலும் எஞ்சின் ஓடாது, ஓடினாலும் தள்ளாடும்.

ஆகவே, எஞ்சினைப் பிரிப்பவர் ஒவ்வோர் உறுப்பும் இருந்த இடத்தையும், நோக்கிய திசையையும், பூட்டியிருந்த வரிசையையும் நினைவில் இருத்தவேண்டும். திருகாணிகளைக் கலந்து போட்டுவிடலாகாது. துருப்பிடித்த மரையைச் சினந்து திருகினால் அது முறியும். எண்ணெய் விட்டுப் பொறுத்திருந்தால் தானே இளகும். மண்ணெண்ணெயில் கழுவிய உறுப்பைத் துடைத்து, தேய்ந்ததையும் தேயாததையும் விரலால் தடவிக் காணவேண்டும். இறுதியில் பூட்டும்போது ஓர் ஆணி கையில் மிஞ்சினாலும் பணி நிறைவுறவில்லை என்பதே பொருள். கண்ணும் கையும் கருத்தும் ஒன்றுபட்டாலன்றி இவ்வேலை கைகூடாது.

துரைசாமிக்கு அது கைகூடியது. பிரித்த ஊர்தியை அவர் மீண்டும் பூட்டினார்; அது ஓடியது. அன்றே அவர் மெக்கானிக் ஆனார். கல்லூரியில் பிறர் பல ஆண்டு பயின்று பெறும் தெளிவை, அந்த ஒரு மோட்டார் சைக்கிள் அவருக்கு வழங்கியது. அவர் பிற்காலத்தில் செய்த பெருஞ்செயல்களுக்கெல்லாம் வித்து அங்கே ஊன்றப்பட்டது.

இத்தாலி நாட்டு உழவர் மகன்

துரைசாமியைப் போன்றே மண்ணிற் பிறந்து எஞ்சினில் உள்ளத்தைப் பறிகொடுத்தவர் ஒருவர் இத்தாலி நாட்டிலும் தோன்றினார். பெருசியோ லம்போர்கினி என்னும் அவர், திராட்சை பயிரிடும் உழவர் குடும்பத்தில் 1916ஆம் ஆண்டு பிறந்தார். இரண்டாம் உலகப் போரின்போது ரோட்ஸ் தீவில் படை ஊர்திகளைப் பழுது பார்க்கும் பணி அவருக்கு வாய்த்தது. போர் முடிந்தபின், படையினர் கழித்துவிட்ட ஊர்திகளின் உறுப்புகளைக் கொண்டு உழவர்களுக்கு டிராக்டர்கள் செய்தார். சிறிய பியட் கார் ஒன்றைத் தம் கையாலேயே திருத்தி அமைத்து, 1948ஆம் ஆண்டில் நடைபெற்ற நெடுந்தொலைவு ஓட்டப் பந்தயம் ஒன்றிலும் கலந்துகொண்டார். 1963ஆம் ஆண்டில் அவர் நிறுவிய தொழிற்சாலையிலிருந்து வந்த பந்தயவகைக் கார்கள் உலகப் புகழ் பெற்றன.

அத்தகைய பழைய இத்தாலியக் கார்களைச் சிதைந்த நிலையில் வாங்கி, வீட்டுக் கொட்டகையிலேயே வைத்து, பல ஆண்டுகள் உழைத்துப் பழைய பொலிவுக்குக் கொணர்வோர் இன்று பல நாடுகளில் உள்ளனர். துரு தின்ற தகட்டை வெட்டி நீக்கி, புதிய தகட்டை மரச் சுத்தியலால் தட்டி வளைத்து, கிடைக்காத உறுப்பைத் தாமே கடைந்து, ஒவ்வொன்றாகப் பொருத்துகின்றனர். பணத்தினும் பொறுமையே அவர்களுக்கு வேண்டிய முதல். கோயம்புத்தூரில் 300 ரூபாய் ஊர்தியைப் பிரித்த இளைஞரும், இக்காலத்தில் விலையுயர்ந்த காரைப் புதுக்கும் செல்வரும் கற்கும் பாடம் ஒன்றே. பொருளைப் பயன்படுத்துவோர்க்கு அதன் புறம் தெரியும்; பிரித்துப் பூட்டுவோர்க்கே அதன் அகம் தெரியும்.

வீழ்ச்சியும் எழுச்சியும்

மெக்கானிக் தொழிலில் தேர்ந்த துரைசாமி, வாணிகத்திலும் கருத்தைச் செலுத்தினார். திருப்பூரில் பஞ்சு அரைக்கும் ஆலைத் தொழிலில் ஈடுபட்டுப் பொருள் ஈட்டினார். பொருள் பெருகவே, மேலும் பெருக்கும் வேட்கை எழுந்தது. பம்பாய்க்குச் சென்று பஞ்சு வாணிகத்தில் இறங்கினார். அங்கே நிகழும் விலை ஏற்ற இறக்கங்களில் பழகியவர்களுக்கு முன் அவரால் நிற்க முடியவில்லை. ஈட்டிய பொருளை இழந்து, வெறுங்கையோடு ஊர் திரும்பினார். இரும்பின் இயல்பை நன்கு அறிந்திருந்த அவர், சந்தையின் இயல்பை இழப்பின் வாயிலாகவே அறிய நேர்ந்தது.

இழப்பால் சோர்ந்து மூலையில் முடங்கிவிடும் இயல்பு அவரிடம் இல்லை. தமக்கு உறுதியாகத் தெரிந்த தொழில் எது என்று எண்ணினார். மோட்டாரே அது எனத் தெளிந்தார். அந்நாளில் கோயம்புத்தூரில் தொழில்துறையில் முன்னணியில் விளங்கிய ராபர்ட் ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலேயர் அவருடைய திறமையை உணர்ந்து உதவினார். அவ்வுதவியால் 1920ஆம் ஆண்டில் பேருந்து ஒன்றை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார். உரிமையாளரும் அவரே, ஓட்டுநரும் அவரே. வழியில் எஞ்சின் நின்றால் பழுது பார்ப்பவரும் அவரே.

அந்த ஒற்றைப் பேருந்திலிருந்து வளர்ந்ததே யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் நிறுவனம். யு. எம். எஸ். என்று மக்கள் சுருக்கமாக வழங்கிய அந்நிறுவனத்தின் பேருந்துகள், பல ஊர்களை இணைத்து ஓடின. பயணிகள் நிரம்பினாலன்றி வண்டி புறப்படாது என்பது அக்காலத்துப் பொது வழக்கம். நாயுடுவோ காலந்தவறாமையைத் தம் நிறுவனத்தின் உயிர்நிலையாகக் கொண்டார். ஊர்திகளை ஒழுங்காகப் பேணுவதிலும் அவர் கண்டிப்பு உடையவர். பழுதுற்றபின் திருத்துவதைவிடப் பழுதுறாமற் காப்பதே சிறந்தது என்பதைத் தம் முதல் மோட்டார் சைக்கிளிடமிருந்தே அவர் கற்றிருந்தார் எனலாம்.

ஆக்கங்கள் பல

ஒரு தொழிலில் வெற்றி கண்டதும் அதிலேயே அமைந்துவிடுவது பலருடைய இயல்பு. நாயுடுவின் உள்ளமோ எப்பொழுதும் புதியன நாடியது. 1932ஆம் ஆண்டில் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அம்மின்சாரம் கோயம்புத்தூர்ச் சமவெளிக்கு வந்ததும், ஆலைகள் பெருகின. ஆழமான கிணறுகளிலிருந்து கவலை ஏற்றிய உழவர் மின்சார இறைப்பானை நாடினர். இவற்றுக்கு வேண்டிய மின்மோட்டார்கள் அயல்நாடுகளிலிருந்தே வந்துகொண்டிருந்தன. நாயுடு, பாலசுந்தரம் என்னும் தொழில் வல்லுநரோடு கூடி, 1937ஆம் ஆண்டில் இந்தியாவிலேயே முதன்முதலாக மின்மோட்டாரை உருவாக்கினார். பீளமேட்டில் அமைந்த நேஷனல் எலக்டிரிக் ஒர்க்ஸ் என்னும் தொழிற்சாலையில் அது உருவாயிற்று. பிற்காலத்தில் மோட்டாருக்கும் நீரிறைக்கும் பம்புக்கும் கோயம்புத்தூர் நாடறிந்த நிலைக்களமாக ஆயிற்று என்றால், அதற்கு இம்முயற்சி ஒரு தொடக்கம் ஆகும்.

நாயுடு பன்முறை ஐரோப்பாவிற்குச் சென்று வந்தார். சென்ற இடங்களில் தொழிற்சாலைகளைக் கண்டு, அவற்றின் நுட்பங்களை உள்ளத்தில் வாங்கிக்கொண்டார். உலர்ந்த மின்கலத்தால் இயங்கும் முகம் மழிக்கும் கருவியை அவர் உருவாக்கினார். ரேசன்ட் என்னும் பெயருடன் அது செருமனியில் செய்யப்பட்டது. மிக மெல்லிய சவர அலகு, படப்பிடிப்புக் கருவியில் தொலைவைச் சரிசெய்யும் அமைப்பு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் சுழலும் விசிறி, பிறர் திருத்த இயலாத வகையில் வாக்குகளைப் பதியும் பொறி என அவர் கண்டவை பலவாகும். ஐந்து வால்வு கொண்ட வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குத் தர இயலும் என்று 1941ஆம் ஆண்டில் அவர் அறிவித்தார். செல்வர் வீட்டில் மட்டும் ஒலித்த வானொலி எளியவர் வீட்டிலும் ஒலிக்கவேண்டும் என்பது அவர் நோக்கம்.

படம் பிடிப்பதிலும் அவருக்கு ஆர்வம் மிகுதி. 1936ஆம் ஆண்டில் இலண்டனில் நடைபெற்ற ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தை அவர் தம் கருவியால் படம் பிடித்தார். காந்தியடிகள், நேரு, சுபாசு சந்திர போசு முதலிய தலைவர்களையும் படம் பிடித்துள்ளார். உழவர் குடும்பத்திற் பிறந்தவராதலின் பயிர்களையும் அவர் மறந்தாரல்லர். பருத்தி, பப்பாளி முதலியவற்றில் ஆராய்ச்சி செய்து, ஆள் உயரத்தினும் மிக்கு ஓங்கி வளர்ந்த பருத்திச் செடிகளை வளர்த்துக் காட்டினார். சர். சி. வி. இராமன், விசுவேசுவரய்யா போன்ற அறிஞர்கள் அவருடைய பணியை மதித்துப் போற்றினர்.

ஓடாமற் போன கார்

நாயுடுவின் எண்ணங்கள் அனைத்தும் கனிந்தன என்று கூறுதல் உண்மைக்கு மாறாகும். 1952ஆம் ஆண்டில் இருவர் அமர்ந்து செல்லத்தக்க சிறிய பெட்ரோல் கார் ஒன்றை அவர் உருவாக்கினார். அதன் விலை 2,000 ரூபாய். கார் என்பது பெருஞ்செல்வர்க்கே உரியது என்றிருந்த அக்காலத்தில், நடுத்தரக் குடும்பத்தாரும் வாங்கத்தக்க கார் ஒன்று தமிழகத்தில் உருவாவது எளிய செய்தி அன்று.

ஆனால், புதிய தொழில் தொடங்க அரசின் உரிமம் பெறவேண்டும் என்னும் சட்டம் 1951ஆம் ஆண்டில் இயற்றப்பட்டிருந்தது. விடுதலை பெற்ற நாட்டில் இரும்பும் பணமும் அரிதாக இருந்தன. இருப்பவற்றை எத்தொழிலுக்கு எவ்வளவு பகிர்வது என்பதை அரசே முடிவு செய்யவேண்டும் என்பது அச்சட்டத்தின் நோக்கம். நாயுடுவின் காருக்கு உரிமம் கிடைக்கவில்லை. ஆதலின் அம்முயற்சி நின்றுபோயிற்று. அவ்வாண்டுகளில் பம்பாயில் ஒரு நிறுவனம் இத்தாலி நாட்டின் பியட் காரைச் செய்து விற்றது. பல்லாண்டுகள் நம் சாலைகளில் அக்காரே ஓடிற்று. நம்மவர் ஒருவர் தாமே எண்ணி அமைத்த கார் சாலைக்கு வராமற் போனது வருந்தத்தக்கது. திறமை தனி மனிதரிடம் தோன்றினாலும், அது நாட்டுக்குப் பயன்படச் சட்டமும் காலமும் துணை நிற்கவேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகின்றது.

கல்விப் பணி

பள்ளியை விட்டு ஓடிய சிறுவர், பிற்காலத்தில் கல்வி நிலையங்களைக் கண்டார் என்பது எண்ணி மகிழத்தக்கது. கை வேலை அறியாத படிப்பும், படிப்பு அறியாத கை வேலையும் முழுப் பயன் தாரா என்பது அவர் கொள்கை. இளைஞர்க்குத் தொழிற்கல்வி அளிக்கும் பொருட்டு, அந்நாளைய சென்னை ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரால் ஒரு பாலிடெக்னிக்கும் ஒரு பொறியியற் கல்லூரியும் அவர் முயற்சியால் கோயம்புத்தூரில் தோன்றின. அப்பொறியியற் கல்லூரி 1945ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என்னும் பெயருடன் இன்று விளங்குவது அதுவே. அதே 1945ஆம் ஆண்டில்தான் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பொறியியற் பிரிவு தொடங்கிற்று. தமிழகத்து இளைஞர்க்குப் பொறியியற் கல்வியின் வாயில்கள் அகலத் திறந்த ஆண்டாக அதனைக் கருதலாம்.

கல்லூரியின் முதல்வர் பொறுப்பையும் நாயுடு ஏற்றார். பொறியியல் பயில நான்கு ஆண்டுகள் தேவையில்லை. ஆர்வமும் பயிற்சியும் இருப்பின் இரண்டே ஆண்டுகளில் அப்பாடங்களைக் கற்பிக்கலாம் என்று அவர் கருதினார். அரசு அதற்கு இசையவில்லை. தம் கருத்துக்கு மாறான முறையை நடத்த உடன்படாத அவர், அப்பொறுப்பிலிருந்து விலகினார். அவருடைய கருத்து முற்றும் பொருந்துவதா என்பதில் அறிஞரிடையே வேறுபாடு இருக்கலாம். பொறியியலுக்கு அடிப்படையாகிய கணிதமும் இயற்பியலும் நிதானமாகக் கற்கவேண்டியவை என்போர் உளர். ஆயினும், பதவியினும் கொள்கையே பெரிது என்று அவர் நின்றதை எவரும் மறுக்க இயலாது.

மாணவர்கள் இங்கே ஒன்றை நன்கு கருதவேண்டும். நாயுடு பள்ளியை விட்டார், கல்வியை விட்டாரல்லர். புத்தகங்களிலும் பட்டறையிலும் அயல்நாட்டுப் பயணங்களிலும் வாழ்நாள் முழுவதும் அவர் கற்றுக்கொண்டே இருந்தார். தமக்குக் கிட்டாத வாய்ப்புப் பிறர்க்குக் கிட்டவேண்டும் என்றே கல்லூரி அமைத்தார். பள்ளிப் படிப்பு வேண்டுவதில்லை என்பதற்கு அவரைச் சான்றாகக் காட்டுவோர், அவருடைய வாழ்க்கையில் முதல் ஏட்டை மட்டும் படித்தவர் ஆவர்.

மறைவும் நினைவும்

நாட்டு மக்கள், சிறப்பாக மாணவர்கள், பொறிகளைக் கண்ணாற் கண்டு கற்கவேண்டும் என விரும்பிய நாயுடு, 1967ஆம் ஆண்டில் தொழிற் காட்சிச்சாலை ஒன்றை நிறுவினார். உழைப்பும் ஆராய்ச்சியுமாக எண்பது ஆண்டுகள் வாழ்ந்த அப்பெரியார், 1974ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4ஆம் நாள் மறைந்தார். கோயம்புத்தூர் அவினாசி சாலையில் அவர் பெயரால் விளங்கும் காட்சிச்சாலையில் அவருடைய ஆக்கங்கள் பேணப்படுகின்றன. அவர் பெயரால் இயங்கும் அறநிலையம் 2015ஆம் ஆண்டில் பழங்கார்களுக்கென்றே தனிக் காட்சிச்சாலை ஒன்றையும் திறந்தது. பல நாடுகளில் உருவான கார்கள், பழுது நீக்கப்பெற்று, பொலிவுடன் அங்கே நிற்கின்றன. பிரித்தும் பூட்டியும் கற்ற ஒருவருக்கு இதனினும் பொருத்தமான நினைவுச் சின்னம் வேறில்லை.

கடலூர்ப் பணிமனையில் எண்ணெய்க் கறை படிந்த உடையோடு பேருந்தின் அடியில் படுத்துப் பழுது பார்க்கும் தொழிலாளியும், சிதம்பரத்தில் பொறியியல் பயிலும் மாணவரும் ஒரே அறிவின் இரு பக்கங்களைக் கற்கின்றனர். இவ்விரண்டையும் தம்முள் ஒன்றாகக் கண்டவர் நாயுடு. கையை அழுக்காக்க அஞ்சுபவர் பொறியின் உள்ளத்தை அறியார். கருத்தைச் செலுத்தாதவர் கை வருந்தியும் பயன் பெறார். நம் வீட்டில் நின்றுபோன கடிகாரமோ, ஓடாத மிதிவண்டியோ இருப்பின், அதனைத் தூக்கி எறியுமுன் பெரியோர் துணையுடன் ஒரு முறை திறந்து பார்ப்போம். ஒவ்வோர் உறுப்பும் ஏன் அங்கே அமைந்துள்ளது என்று வினவுவோம். பிரித்ததை மீண்டும் பூட்டும் வரையில் ஓயாத உறுதியைப் பழகுவோம். அவ்வுறுதியே கலங்கல் என்னும் சிற்றூரின் உழவர் மகனை உலகறியச் செய்தது; நம்மையும் உயர்த்தும்.